ஆன்டிஜெனைச் சுமக்கும் துகள்களை வடிவமைப்பது எப்படி: புதிய ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோதுமையிலுள்ள குளூட்டனை உடல் ஏற்க மறுக்கும் செலியாக் நோயாளிகளுக்கு, குளூட்டனின் ஒரு பகுதியான கிளியடினைப் பிஎல்ஜிஏ என்னும் சிதையும் பாலிமர் துகள்களுக்குள் அடைத்துச் சிரை வழியாகச் செலுத்திய சிறிய மருத்துவ ஆய்வொன்றின் முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. அந்நோயாளிகள் பின்னர் 14 நாட்கள் குளூட்டன் உட்கொண்டபோது, வழக்கமாகப் பெருகிச் சீறும் கிளியடின் சார்ந்த டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு செல்கள், வெற்று மருந்து பெற்றவர்களிடம் இருந்ததைவிடப் பெரிதும் அடங்கியிருந்தன. அதற்குப் பத்தாண்டு முன்னர், 2011-இல், நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் பாலி புலேந்திரனின் குழு இதே பிஎல்ஜிஏவில் எம்பிஎல், இமிக்விமாட் ஆகிய, நோயெதிர்ப்பைக் கிளப்பும் இரு தூண்டிகளை அடைத்து, ஆன்டிஜெனுடன் (நோயெதிர்ப்பு மண்டலம் குறிவைக்கும் பொருளுடன்) சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது நேர்மாறான விளைவு கிடைத்தது; ஆன்டிபாடி சுரக்கும் செல்கள் நிணநீர் முடிச்சுகளில் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக நீடித்தன. ஒரே பாலிமர் ஓரிடத்தில் நெருப்பை அணைக்கிறது, மற்றோரிடத்தில் மூட்டுகிறது.

பாலிமர் வேதியியலிலிருந்தோ மருந்தாக்கவியலிலிருந்தோ இத்துறைக்குள் புதிதாக வரும் ஆய்வு மாணவர்களை மனத்தில் வைத்து இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். பயோமெட்டீரியல் என்று நாம் வழங்கும் பொருளை அவர்களில் பலர் ஒரு பொட்டலமாகவே கருதுகிறார்கள். உள்ளே இருப்பது சரக்கு, வெளியே இருப்பது காகிதம் என்பது அவர்கள் எண்ணம். உடலோ காகிதத்தைத்தான் முதலில் தொட்டுப் பார்க்கிறது. அலுமினிய உப்பின் படிகங்கள் தாமாகவே, முன்பே சிறிது தூண்டப்பட்ட மேக்ரோஃபேஜ்களில் (அந்நியப் பொருளை விழுங்கும் செல்களில்) என்எல்ஆர்பி3 என்னும் அழற்சிக் கருவியை முடுக்கும் என்பது 2008-இல் தெரியவந்தது. அவ்வாறே தூண்டப்பட்ட, ஆன்டிஜெனை டி செல்களுக்குக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல்களில் வெற்றுப் பிஎல்ஜிஏ துகள்களும் அதையே செய்கின்றன என்பது மறு ஆண்டில் உறுதியாயிற்று. எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளின் கொழுப்பு நானோ துகள்களிலுள்ள, அமிலச் சூழலில் மட்டும் நேர்மின்னேற்றம் பெறும் கொழுப்பு, எம்ஆர்என்ஏ இல்லாத நிலையிலும் ஆன்டிபாடி உருவாக உதவும் ஃபாலிக்குலர் உதவி டி செல்களைப் பெருக்குகிறது என 2021-இல் காட்டப்பட்டது. இனி வரும் ஒவ்வொரு படியிலும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்: நீங்கள் தேர்ந்தெடுக்கும் பொருளே ஒரு சமிக்ஞை, எனவே அதன் குரல் என்னவென்பதை அறியாமல் அதற்குள் எதையும் அடைக்கக் கூடாது.

எந்த எதிர்வினை வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

ஆய்வகக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், பொருளின் பெயரை எழுதுவதற்கு முன், எதிர்பார்க்கும் எதிர்வினையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். “நல்ல நோயெதிர்ப்பு” என்று எழுதினால் அது எதையும் சொல்லவில்லை. கிருமியைச் செல்லுக்குள் நுழையவிடாமல் தடுக்கும் ஆன்டிபாடியா, பாதிக்கப்பட்ட செல்லையோ புற்றுச் செல்லையோ கொல்லும் சிடி8 டி செல்லா, குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பொறுத்துக்கொள்ளும் சகிப்புத்தன்மையா, அல்லது உடலுக்குள் வைக்கப்படும் கருவியைச் சுற்றி நார்த்திசு கட்டாமல் இருப்பதா என்று பிரித்துக் குறிப்பிட வேண்டும். இந்நான்கும் பொருளிடம் கேட்பவை வெவ்வேறானவை. ஒன்றுக்குச் சிறந்த வடிவமைப்பு மற்றொன்றைக் கெடுத்துவிடக்கூடும்.

ஆன்டிபாடியே இலக்கானால், ஆன்டிஜென் தன் மடிப்பு குலையாமல், ஆன்டிபாடியை உருவாக்கும் பி செல்லின் கண்ணில் பட வேண்டும். அதுவும் ஒற்றையாக அல்லாமல் ஒழுங்கான வரிசையில் பல பிரதிகளாகப் பட வேண்டும். அவ்வாறு பட்டால் பி செல்லின் ஏற்பிகள் ஒரே நேரத்தில் பல இடங்களில் பிணைக்கப்பட்டு வலுவான கட்டளை உள்ளே செல்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மேற்பரப்புப் புரதம் சுமார் 22 நானோமீட்டர் துகள்களாகத் தானே கூடிக்கொள்வதும், எச்பிவி தடுப்பூசி வைரஸ் போன்ற கூடுகளாக அமைவதும் இந்த வகையில் பெரும் வசதிகள். இத்தகைய இலக்குக்குப் புரதத்தைப் பாலிமருக்குள் புதைப்பதைவிட மேற்பரப்பில் நிறுத்துவதே பொருத்தம். நேரமும் முக்கியமானது. ஒரே ஊசியில் முழு அளவையும் கொட்டுவதைக் காட்டிலும், அதே அளவை இரு வாரங்களில் மெல்ல வெளிவிடும்போது நிணநீர் முடிச்சில் பி செல்கள் தேர்ச்சி பெறும் முளை மையங்கள் நன்கு வளர்கின்றன என்பதை டாரல் இர்வைன், ஷேன் குரோட்டி ஆகியோரின் குழுக்கள் சுண்டெலிகளிலும் ரீசஸ் குரங்குகளிலும் காட்டியுள்ளன.

சிடி8 டி செல் வேண்டுமானால் கணக்கு மாறுகிறது. புரதம் டென்ட்ரைட்டிக் செல்லுக்குள் சென்று, விழுங்கியதை வைத்திருக்கும் பையிலிருந்து சைட்டோபிளாசத்துக்குத் தப்பி, துண்டுகளாக வெட்டப்பட்டு, அத்துண்டுகளை டி செல்லுக்குக் காட்டும் எம்எச்சி முதல் வகை மூலக்கூறில் ஏற வேண்டும். இங்கே புரதத்தின் மடிப்பு பெரிய பொருட்டன்று. துகளுக்குள் புதைத்து வைப்பதே நன்மை.

சகிப்புத்தன்மை வேண்டும் என்றால், அபாயச் சமிக்ஞை எதுவும் உடன் செல்லாமல், மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள மேக்ரோஃபேஜ்கள் துகளை அமைதியாக விழுங்கிச் செரிக்க விட வேண்டும். மேற்பரப்பில் கார்பாக்சில் தொகுதிகளால் எதிர்மின்னேற்றம் கொண்ட, ஏறத்தாழ 500 நானோமீட்டர் துகள்களைச் சிரை வழியாகச் செலுத்துவது இதற்குப் பயன்படும் ஒரு வழி. ஆன்டிஜெனுடன், நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்தான ராபமைசினைப் பாலிமர் நானோ துகள்களில் சேர்த்துக் கொடுப்பது இன்னொரு வழி. தொடக்கத்தில் சொன்ன புதிரின் விடை இதில்தான் இருக்கிறது: பாலிமர் ஒன்றே ஆயினும், உடன் சென்ற தூண்டியும், செலுத்திய பாதையும், துகளின் அளவும் மேற்பரப்பும் சேர்ந்து திசையைத் திருப்பிவிட்டன.

உடலுக்குள் பதிக்கும் கருவிகளைப் பற்றி இங்கே நீட்டி எழுதப் போவதில்லை. ஆனால் அல்ஜினேட் கோளங்களின் விட்டத்தை அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டராகக் கூட்டியதாலேயே அவற்றைச் சுற்றி நார்த்திசு படிவது வெகுவாகக் குறைந்தது என்ற 2015-ஆம் ஆண்டின் முடிவை ஒவ்வொரு புதிய மாணவரும் ஒருமுறை படித்துவிட வேண்டும். வேதியியலில் ஓரணுவும் மாறவில்லை. அளவு மட்டுமே மாறியது.

அளவைத் தேர்ந்தெடுப்பது

தோலடியிலோ தசையிலோ ஊசியிட்டபின் துகள் எங்கே போகும் என்பதைப் பெரும்பாலும் அளவே தீர்மானிக்கிறது. மிகச் சிறிய மூலக்கூறுகள் இரத்த நுண்குழாய்களுக்குள் நழுவி உடலெங்கும் சிதறிவிடும். இதனால்தான் கரைந்த நிலையில் கொடுக்கப்படும் சிறு தூண்டிகள் பயனைவிடக் காய்ச்சலையே அதிகம் தருகின்றன. ஏறத்தாழ 20 முதல் 100 நானோமீட்டர் வரையிலான துகள்கள் நிணநீர் ஓட்டத்துடன் தாமாகவே நிணநீர் முடிச்சை அடைகின்றன. 2007-இல் ஹபெல், ஸ்வார்ட்ஸ் குழுவினர் ஒரே வேதியியல் கொண்ட 25, 100 நானோமீட்டர் துகள்களை ஒப்பிட்டபோது, சிறியவையே மிகத் திறம்பட அங்குச் சென்று சேர்ந்தன. 500 நானோமீட்டரைத் தாண்டிய துகள்கள் ஊசியிட்ட இடத்திலேயே தங்கி, டென்ட்ரைட்டிக் செல்கள் வந்து சுமந்து செல்லும்வரை காத்திருக்கின்றன. இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. தேங்கி நின்று மெல்ல வெளிவிடும் கிடங்கு வேண்டுமென்றால் பெரிய துகளே ஏற்றது.

துகளின் அளவைத் தூய நீரில் மட்டும் அளந்து குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள். பத்து விழுக்காடு சீரம் கலந்த திரவத்தில் 37 பாகை வெப்பநிலையில் ஒரு மணி நேரம் வைத்து மீண்டும் அளக்க வேண்டும். இரத்தத்திலும் திசுத் திரவத்திலும் உள்ள புரதங்கள் சில நொடிகளிலேயே துகளின் மேல் படிந்துவிடுகின்றன. செல்கள் காண்பது அந்தப் போர்வையைத்தான். நீரில் 90 நானோமீட்டராக இருந்த நேர்மின் துகள் சீரத்தில் திரண்டு ஒரு மைக்ரான் கட்டியாவது அன்றாடக் காட்சி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புதிய பாலிமர் ஒன்றைப் படைத்துவிட வேண்டும் என்ற ஆசை வேதியியல் மாணவர்களை எளிதில் பற்றிக்கொள்கிறது. 1926-இல் அலெக்சாண்டர் கிளென்னி நச்சுத்தன்மை நீக்கிய டிப்தீரியா நச்சைப் படிகாரத்தால் வீழ்படிவாக்கியபோது தொடங்கிய அலுமினிய உப்புகளின் காலம் நூறாண்டைத் தொட்டும் முடியவில்லை. கோவாக்சினில், கிருமியின் தடயத்தை உணரும் டிஎல்ஆர் வகை ஏற்பிகளில் 7, 8 ஆகியவற்றைத் தூண்டும் ஓர் இமிடசோகுயினோலின் மூலக்கூறு அலுமினிய ஹைட்ராக்சைடின் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. கோர்பிவேக்சில் ஈஸ்ட்டில் தயாரித்த புரதம், அலுமினிய உப்பு, சிபிஜி 1018 என்னும் டிஎன்ஏ வகைத் தூண்டி ஆகியவை சேர்ந்திருக்கின்றன. ஐதராபாத்தில் தயாரிக்கப்பட்ட இவ்விரு தடுப்பூசிகளும் பழைய பொருளின் மேல் ஒரு புதிய தூண்டியை வைத்தே தங்கள் காரியத்தை முடித்துக்கொண்டன. ஆகையால் உங்கள் ஒவ்வொரு சோதனையிலும் அலுமினிய உப்பு ஓர் ஒப்பீட்டுக் குழுவாகக் கட்டாயம் இருக்கட்டும். உங்கள் துகள் அதை வெல்லவில்லை என்றால், துகளைச் செய்ய ஆன செலவுக்கு வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

எண்டோடாக்சின்: எல்லாவற்றுக்கும் முன் தீர்க்க வேண்டிய கணக்கு

இப்பகுதியைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன், ஏனெனில் இதில் நான் இழந்த காலம் அதிகம். மாணவப் பருவத்தில் நான் செய்த வெற்றுத் துகள்கள் டென்ட்ரைட்டிக் செல்களை அபாரமாகத் தூண்டின; புதிய தூண்டும் பொருளைக் கண்டுவிட்டதாக மகிழ்ந்து நான்கு மாதங்கள் அதன் பின்னால் ஓடினேன். இறுதியில், பாக்டீரியச் சுவரை உணரும் டிஎல்ஆர்4 ஏற்பி இல்லாத செல்களில் அதே துகள்களை இட்டபோது எதிர்வினை முற்றிலும் மறைந்தது. தூண்டியது என் பாலிமர் அன்று. துகளைக் கழுவப் பயன்படுத்திய நீரில் இருந்த பாக்டீரியச் சுவரின் துணுக்குகள்.

அந்தத் துணுக்குகளே எண்டோடாக்சின். எவ்வளவு சிறிய அளவு போதும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். மனிதருக்கு ஊசியில் அனுமதிக்கப்படும் வரம்பு உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு ஒரு மணி நேரத்தில் 5 அலகு. இதே வரம்பை 20 கிராம் சுண்டெலிக்குப் பொருத்தினால், ஓர் ஊசியில் 0.1 அலகுதான் இருக்கலாம்; அது ஏறத்தாழ 10 பிக்கோகிராம். மாதிரி ஆன்டிஜெனாக நாம் எல்லோரும் பயன்படுத்தும் ஓவால்புமின், அதாவது முட்டை வெள்ளைக்கருப் புரதம், ஒரு மில்லிகிராமுக்கு 500 அலகு மாசுடன் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 மைக்ரோகிராம் ஊசியிட்டால் 5 அலகு உள்ளே போகிறது. அதாவது வரம்பைப் போல் 50 மடங்கு. அந்த விலங்கில் நீங்கள் காணும் ஆன்டிபாடி யாருடைய உழைப்பு என்று எப்படிச் சொல்வது? சகிப்புத்தன்மை ஆய்வில் நிலைமை இன்னும் மோசம்: நீங்கள் அணைக்க முயலும் நெருப்பில் நீங்களே எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள்.

ஆட்டோகிளேவில் 121 பாகையில் வைப்பது கிருமிகளைக் கொல்லும். ஆனால் எண்டோடாக்சினை அழிக்காது. கண்ணாடிப் பொருட்களையும் உலோகக் கருவிகளையும் 250 பாகை உலர் வெப்பத்தில் குறைந்தது 30 நிமிடம் வைத்தால்தான் அது ஒழியும். எண்டோடாக்சின் அற்றது என்று சான்றளிக்கப்பட்ட ஊசி நீரை மட்டுமே பயன்படுத்துங்கள். ஆய்வகத்தின் தூய்மைப்படுத்தும் கருவியில் வரும் நீர் வேதியியலுக்குத் தூயதாக இருக்கலாம், நம் வேலைக்கு அப்படி நம்ப முடியாது. அல்ஜினேட், கைட்டோசான், பாக்டீரியா வழி தயாரித்த ஹையலூரானிக் அமிலம் போன்ற இயற்கைப் பொருட்களைச் சந்தேகத்துடனேயே திறக்க வேண்டும். புரதத்திலிருந்து மாசை நீக்க டிரைட்டான் எக்ஸ்-114 கொண்டு கட்டம் பிரிக்கும் முறை எளிதும் மலிவுமானது. பிறகு மிஞ்சும் டிரைட்டானையும் நீக்கியாக வேண்டும்.

அளப்பதற்கு, லாட நண்டின் நீல இரத்தச் செல்களிலிருந்து எடுக்கப்படும் எல்ஏஎல் வினைப்பொருளையோ, அந்த நண்டைத் துன்புறுத்தாத மறுசேர்க்கைக் காரணி சி முறையையோ பயன்படுத்தலாம். ஆனால் துகள்கள் இந்த அளவீட்டைக் குழப்பக்கூடியவை. நேர்மின் துகள்கள் எண்டோடாக்சினைத் தம்மேல் ஒட்டவைத்து மறைக்கின்றன. கலங்கலான கரைசல் ஒளி அளவீட்டைக் கெடுக்கிறது. செல்லுலோஸ் வடிகட்டியிலிருந்து கசியும் பீட்டா குளூக்கன் எல்ஏஎல்லில் பொய்யான உயர்வைக் காட்டுகிறது. ஆகவே அறிந்த அளவு எண்டோடாக்சினை உங்கள் மாதிரியில் சேர்த்து, அது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்த்ததில் 50 முதல் 200 விழுக்காட்டுக்குள் மீண்டு வந்தால் அந்த அளவீட்டை நம்பலாம். வரவில்லை என்றால் நீர்த்துப் பாருங்கள். அதுவும் உதவவில்லை என்றால் டிஎல்ஆர்4 உணரும் செல்வழிச் சோதனைக்குச் செல்லுங்கள்.

துகளைச் செய்தல்

ஓவால்புமினைப் பிஎல்ஜிஏவில் அடைக்கும் இரட்டைப் பால்மமுறையைக் கற்றுக்கொள்வது நல்ல தொடக்கம், ஏனெனில் அதிலுள்ள ஒவ்வொரு படியும் பின்னால் வரும் எதிர்வினையில் தன் தடத்தைப் பதிக்கிறது. லாக்டிக், கிளைக்காலிக் அமிலங்கள் 50:50 விகிதத்தில் சேர்ந்த பிஎல்ஜிஏவை எடுங்கள். இந்த விகிதமே மிக விரைவாகச் சிதையும். லாக்டிக் பங்கைக் கூட்டினால் சிதைவு மாதக்கணக்கில் நீளும்.

100 மில்லிகிராம் பிஎல்ஜிஏவை 2 மில்லிலிட்டர் டைகுளோரோமீத்தேனில் கரைத்துக்கொள்ளுங்கள். எம்பிஎல் போன்ற கொழுப்பு விரும்பும் தூண்டியைச் சேர்ப்பதாக இருந்தால் இந்தக் கட்டத்திலேயே சேர்த்துவிடலாம். மாசு நீக்கிய ஓவால்புமினில் 5 மில்லிகிராமை 0.2 மில்லிலிட்டர் உப்புக் கரைசலில் கரைத்து, பாலிமர் கரைசலில் இட்டு, பாத்திரத்தைப் பனிக்கட்டிக்குள் வைத்து, முனைவகை மீயொலிக் கருவியால் அரை நிமிடம் இடைவெளி விட்டு விட்டு அடிக்க வேண்டும். பனிக்கட்டியைச் சோம்பலால் விட்டுவிடுபவர்கள் உண்டு. கருவியின் முனையில் எழும் வெப்பமும், கரைப்பானும் நீரும் சந்திக்கும் எல்லைப்பரப்பும் சேர்ந்து புரதத்தின் மடிப்பைக் குலைத்துவிடும். வெண்மையான முதல் பால்மம் கிடைத்ததும், அதை 2 விழுக்காடு பாலிவினைல் ஆல்கஹால் கரைசலில் 10 மில்லிலிட்டரில் ஊற்றி ஒன்று அல்லது இரண்டு நிமிடம் மீண்டும் அடியுங்கள். பின்னர், அரை விழுக்காடு செறிவுள்ள அதே கரைசலில் 40 மில்லிலிட்டருக்கு மாற்றி, புகைக்கூண்டுக்குள் (ஃப்யூம் ஹூட்) மூன்று, நான்கு மணி நேரம் திறந்து வைத்துக் கலக்கினால் கரைப்பான் ஆவியாகித் துகள்கள் இறுகும். துகள் பெரிதாக வேண்டுமானால் மீயொலிக்குப் பதில் வேகச் சுழற்கலக்கியைக் கொண்டு வேகத்தைக் குறையுங்கள். ஒரே மூலப்பொருட்களிலிருந்து 300 நானோமீட்டரும் கிடைக்கும், 3 மைக்ரானும் கிடைக்கும்.

4 பாகையில் மையவிலக்கி, ஊசி நீரில் மூன்று முறை கழுவி, 5 விழுக்காடு டிரெஹலோஸ் என்னும் சர்க்கரை சேர்த்து உறையவைத்து உலர்த்துங்கள். டிரெஹலோஸ் இல்லாமல் உலர்த்திய துகள்கள் மீண்டும் நீரில் இட்டால் கட்டிகளாகவே மிதக்கும். உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் அளவை அளந்து, துகள்களின் அளவு எவ்வளவு சீரானது என்பதைக் காட்டும் பரவல் குறியீடு 0.2-க்குள் நிற்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

எவ்வளவு புரதம் உள்ளே சென்றது என்பதைக் கழுவிய நீரில் மிஞ்சியதைக் கழித்து ஊகிப்பது பரவலான வழக்கம். நான் அதை ஏற்பதில்லை. பாத்திரச் சுவரில் ஒட்டியதும் எல்லைப்பரப்பில் கெட்டுப்போனதும் அந்தக் கணக்கில் “அடைபட்டதாக” வந்துவிடுகின்றன. எடை போட்ட துகள்களை நீர்த்த காரத்தில் கரைத்து நேராக அளந்துகொள்ளுங்கள். 100 மில்லிகிராம் பாலிமருக்கு 5 மில்லிகிராம் புரதம் என்றால் உச்ச அளவு ஒரு மில்லிகிராம் துகளில் ஏறத்தாழ 50 மைக்ரோகிராம். அதில் 60 விழுக்காடு அடைபட்டிருந்தால் 30 மைக்ரோகிராம். அப்போது 10 மைக்ரோகிராம் புரதம் தர ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிகிராம் துகள் தேவை. இந்த எடையிலுள்ள வெற்றுத் துகளையே ஒப்பீட்டுக்குப் பயன்படுத்த வேண்டும் என்பதால் இவ்வெண்ணைக் கவனமாகக் குறித்து வையுங்கள்.

37 பாகை உப்புக் கரைசலில் புரதம் வெளிவரும் வேகத்தையும் பார்க்க வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் பாதிக்கு மேல் கொட்டிவிட்டால் புரதம் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று பொருள். மெல்ல வெளிவிடும் துகள் என்று அதை அழைக்க முடியாது. நாளாக ஆக வெளிவருவது நின்றுபோனால், துகளுக்குள் சேரும் அமிலத்தில் புரதம் திரண்டுவிட்டதா என்று சந்தேகியுங்கள். பிஎல்ஜிஏ சிதையும்போது உள்ளே பிஎச் பெரிதும் இறங்குகிறது. மக்னீசியம் ஹைட்ராக்சைடைச் சிறிது உடன் அடைப்பது இதற்கு நன்கறிந்த மாற்று. சிதைவில் பிறக்கும் லாக்டிக் அமிலம் டென்ட்ரைட்டிக் செல்களின் முதிர்ச்சியைத் தானே தணிக்கவும் செய்கிறது. தடுப்பூசிக்கு இது இடையூறு, சகிப்புத்தன்மைக்கு உதவி.

முடிந்த துகளைக் கிருமி நீக்க எளிய வழி இல்லை. ஆட்டோகிளேவ் பிஎல்ஜிஏவை உருக்கிவிடும், காமா கதிர் பாலிமர்ச் சங்கிலிகளை அறுத்து வெளிவிடும் வேகத்தை மாற்றும், 0.22 மைக்ரான் வடிகட்டி அதைவிடச் சிறிய துகள்களை மட்டுமே விடும். எனவே முதல் கரைசலிலிருந்தே கிருமியற்ற முறையில் செய்வதுதான் நடைமுறைக்கு உகந்தது.

தூண்டியை எங்கே வைப்பது

ஆன்டிஜெனும் தூண்டியும் ஒரே துகளில் இருக்க வேண்டுமா என்ற கேள்வி அடிக்கடி எழும். 2006-இல் பிளாண்டரும் மெட்சிடோவும், டென்ட்ரைட்டிக் செல் விழுங்கிய பைகளில் டிஎல்ஆர் தூண்டி இருக்கும் பையிலுள்ள ஆன்டிஜெனே எம்எச்சி இரண்டாம் வகையில் முன்னுரிமையுடன் ஏற்றப்படுகிறது எனக் காட்டினர். டி செல் எதிர்வினை இலக்கானால் ஒரே துகளில் சேர்ப்பதே பாதுகாப்பான தொடக்கம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: தூண்டி துகளோடு கட்டுண்டு கிடப்பதால் உடலெங்கும் பரவி அழற்சியைக் கிளப்புவதில்லை. சிபிஜி போன்ற எதிர்மின் மூலக்கூறுகள் நீர்க் கட்டத்தில் எளிதில் நழுவிவிடும் என்பதால், அவற்றைச் சிறு அளவு நேர்மின் பாலிமருடன் பிணைத்தே அடைக்க நேரிடும். அந்த நேர்மின் பாலிமரும் செல்லுக்கு நஞ்சாகலாம், அதற்கும் தனி ஒப்பீடு வேண்டும்.

செல்களில் சோதித்தல்

சுண்டெலி எலும்பு மஜ்ஜையிலிருந்து ஜிஎம்-சிஎஸ்எஃப் என்னும் வளர்ச்சிக் காரணி கொண்டு ஏழெட்டு நாட்களில் வளர்த்த டென்ட்ரைட்டிக் செல்களில் துகளை 24 மணி நேரம் விட்டு, மேற்பரப்பில் முதிர்ச்சியைக் காட்டும் சிடி86, சிடி40, எம்எச்சி இரண்டாம் வகை ஆகியவற்றை ஃப்ளோ சைட்டோமீட்டரிலும், திரவத்தில் செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதங்களான ஐஎல்-12, ஐஎல்-10, ஐஎல்-6, ஐஎல்-1பீட்டா ஆகியவற்றை எலைசாவிலும் அளக்க வேண்டும். ஐஎல்-1பீட்டாவை மறக்க வேண்டாம். படிகங்களும் சில பாலிமர்களும் மற்றவற்றில் அமைதியாக இருந்து இதில் மட்டும் தம்மைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதற்குச் செல்களை முன்னதாகச் சிறிது தூண்டியிருக்க வேண்டும்.

குழுக்களை அமைப்பதில்தான் ஆய்வின் நேர்மை தெரியும். எதுவும் இடாத செல், வெற்றுத் துகள், கரைந்த ஆன்டிஜென், கரைந்த நிலையில் ஆன்டிஜெனும் தூண்டியும் கலந்தது, வெற்றுத் துகளோடு அவை வெறுமனே கலந்தது, முழுத் துகள், எண்டோடாக்சின் இட்ட செல் ஆகிய ஏழும் வேண்டும். ஐந்தாவது குழுவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அடைத்ததால் பயனா, அருகில் இருந்ததால் பயனா என்பதற்கு அக்குழு மட்டுமே பதில் சொல்லும்.

துகள் செல்லுக்குள் சென்றதை ஒளிரும் சாயத்தால் காட்டுவோர், சாயம் துகளிலிருந்து தனியே கசிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்; 4 பாகையில் அதே சோதனையைச் செய்தால் விழுங்குவது பெரும்பாலும் நின்றுவிடும், அங்கும் செல்கள் ஒளிர்ந்தால் சாயம்தான் கசிகிறது அல்லது துகள் வெளியே ஒட்டியிருக்கிறது. அடுத்த படியாக, ஓவால்புமினின் 257 முதல் 264 வரையிலான எட்டு அமினோ அமிலங்களை மட்டுமே அறியும் ஓடி-1 என்னும் சிடி8 டி செல்களையும், 323 முதல் 339 வரையிலான பகுதியை அறியும் ஓடி-2 என்னும் சிடி4 (உதவி) டி செல்களையும் தனித்தனியே சேர்த்து, எது பெருகுகிறது என்று பாருங்கள். முதற்பக்கத்தில் எழுதிய வாக்கியத்துடன் ஒப்பிட வேண்டிய முதல் தருணம் இதுவே.

விலங்கில்

இந்தியாவில் நிறுவன விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஓர் எலியைக்கூடத் தொடக் கூடாது. செல்களில் தெளிவான விடை கிடைக்காத துகளை விலங்கில் இட்டுப் பார்ப்பது அறத்துக்கும் பொருந்தாது, அறிவியலுக்கும் உதவாது. வழக்கமான திட்டத்தில் முதல் நாளும் 21-ஆம் நாளும் ஊசியிட்டு, இடையிலும் 35-ஆம் நாளிலும் இரத்தம் எடுக்கப்படுகிறது. சி57பிஎல்/6 எலிகளில் ஆன்டிபாடி வகைகளான ஐஜிஜி1-உடன் ஐஜிஜி2சி-யை அளக்க வேண்டும். அவ்வினத்துக்கு ஐஜிஜி2ஏ மரபணுவே கிடையாது. பால்ப்/சி எலிக்கு எழுதிய செய்முறையை அப்படியே நகலெடுத்து, இல்லாத ஒன்றை அளந்து “எதிர்வினை குறைவு” என்று எழுதிய ஆய்வேடுகளை நான் மதிப்பிட்டிருக்கிறேன்.

ஊசியிட்ட இடத்தின் திசுவை ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் வெட்டிச் சாயமிட்டுப் பாருங்கள். பல உட்கரு கொண்ட பெருஞ்செல்களும் கொலாஜன் உறையும் தென்பட்டால், ஆன்டிபாடி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அப்பொருளை மனிதத் தோலுக்கடியில் வைக்கத் தயங்க வேண்டும். சகிப்புத்தன்மை ஆய்வில் எதிர்வினை இல்லாததைக் கண்டதுடன் நிறுத்திக்கொள்ள முடியாது; துகளைப் பெற்ற விலங்குக்கு அதே ஆன்டிஜெனை வலுவான தூண்டியுடன் மீண்டும் கொடுக்கவும், தொடர்பில்லாத வேறொரு ஆன்டிஜெனைத் தனியே கொடுக்கவும் வேண்டும். முதலாவதற்கு அமைதியும் இரண்டாவதற்கு முழு எதிர்வினையும் கிடைத்தால்தான் அது சகிப்புத்தன்மை. இரண்டிலும் அமைதி நிலவினால் நீங்கள் செய்தது வெறும் தடுப்பாற்றல் ஒடுக்கம்.

துகளைப் பிஇஜி (பாலிஎத்திலீன் கிளைக்கால்) கொண்டு போர்த்தியிருந்தால், மறு ஊசியின்போது பிஇஜிக்கு எதிரான ஆன்டிபாடிகளையும் அளந்து வையுங்கள். முதல் முறை நெடுநேரம் இரத்தத்தில் சுற்றிய துகள் அடுத்த முறை விரைவாக அகற்றப்படுவது இத்துறையில் நன்கு பதிவான நிகழ்வு.

இவையனைத்தும் முடிந்து முடிவுகள் இனிமையாகத் தோன்றும்போது, அதே செய்முறையை ஆய்வகத்தில் வேறொருவர் கையில் கொடுத்து, வேறொரு தொகுதிப் பாலிமரிலிருந்து முற்றிலும் புதிதாகத் துகள் செய்யச் சொல்லுங்கள். பாலிமரின் மூலக்கூறு எடை, மிஞ்சியிருக்கும் கரைப்பான், துகளின் மேல் ஒட்டிய பாலிவினைல் ஆல்கஹாலின் அளவு, எண்டோடாக்சின் ஆகியவற்றை இரு தொகுதிகளிலும் அளந்து, வெற்றுத் துகள் குழுவையும் இரண்டிலும் சேர்த்து, விலங்குச் சோதனையை ஒருமுறை திரும்பச் செய்த பின்னரே கட்டுரையை எழுத உட்காருங்கள்.